ஒரே ஒருமுறை வந்த வெளிச்சம்

"ஏட்டி, கொஞ்சம் நில்லு. கண்ணுக்கு இருட்டு பழகட்டும்" என்று சொல்லி அண்ணன் என் கையைப் பிடித்துக்கொண்டான். நாகர்கோவிலில் அவன் ஆராய்ச்சி செய்த கல்லூரியின் இயற்பியல் கூடம் அது. இரண்டாயிரத்து எட்டோ ஒன்பதோ இருக்கும். சன்னல்களில் கறுப்புத் துணி கட்டியிருந்தார்கள். மேசைமேல் நகத்தளவில் இரண்டு கண்ணாடித் துண்டுகள் பச்சையாக ஒளிர்ந்தன. ஒன்று மங்கல். மற்றதைப் பார்த்ததும் நான் "அய்யோ" என்றேன், அவ்வளவு தெளிச்சம். "ரெண்டுக்கும் ஒரே கரண்டுதான், கண்டியா?" என்றான்.

கடலுக்குப் போகிற குடும்பம் எங்களுடையது. என்னதான் படிக்கிறாய் என்று அப்பா கேட்கும்போதெல்லாம் அவன் சலிக்காமல் சொல்வான். எல்.இ.டி.க்குள் பிறக்கிற வெளிச்சத்தில் பெரும்பகுதி வெளியே வருவதில்லை. சாய்வாகப் போவது மேற்பரப்பில் பட்டுத் திரும்பி உள்ளேயே அலைந்து அணைந்துபோகும். கண்ணாடிபோல் மினுங்கும் இரண்டு பூச்சுகளுக்கு நடுவே அதை வைத்து, இடைவெளியை அந்த ஒளியின் அலைநீளத்துக்குப் பொருந்த அமைத்துவிட்டால், நேராக வெளியே வரும். அந்த இடைவெளி தலைமுடித் தடிமனில் பல நூறில் ஒரு பங்கு. அப்பா யோசித்துவிட்டு, "அப்போ வெளிச்சத்துக்கு வாசல் வைக்குத வேலைன்னு சொல்லு" என்றார். அதை ஊரெல்லாம் சொல்லியும் திரிந்தார்.

அப்படி வாசல் வைத்துத் தெளிச்சமாக ஒளிர்ந்த அந்தத் துண்டு சில நாட்களில் ஈரக்காற்று ஏறிக் கறுத்துப்போயிற்று. குறித்துவைத்திருந்த அதே பூச்சு அளவில் மறுபடி மறுபடி செய்தான். ஒன்றுகூட அப்படி ஒளிரவில்லை. அவனுடைய பேராசிரியர், "ஒன்று வந்திருக்கிறதே, அதை வைத்து எழுதேன்" என்றார். "மறுபடி வராதது வந்ததா ஆகாது சார்" என்று மறுத்துவிட்டான். ஒரு வருடத்துக்கு மேல் அப்படியே போயிற்று. சாப்பாட்டில் கை வைத்தபடி எங்கேயோ பார்த்துக்கொண்டிருப்பான். "என் கைதான் சரியில்லை போல" என்பான். உதவித்தொகையும் நின்றது, அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து, கடலுக்குக் கொண்டுபோக ஆளில்லாமல் வள்ளமும் கரையேறியது. ஒருநாள் எங்களிடம்கூடச் சொல்லாமல் கல்ஃபில் கடைப் பெயர்ப்பலகைகளுக்கு விளக்கு பொருத்துகிற வேலைக்குச் சம்மதம் கொடுத்துவிட்டு வந்தான். ஆய்வேடு பாதியில் நின்றது.

சில வருடங்கள் கழித்து அப்பா இறந்தபோது லீவில் வந்தான். கல்லறைக்குப் போய்த் திரும்பிய மறுநாள் பேராசிரியர் வீடு தேடி வந்தார். துக்கம் விசாரித்து முடித்து, தயங்கித் தயங்கிச் சில அச்சடித்த தாள்களைக் கொடுத்தார். அண்ணனுக்குப் பின்னால் சேர்ந்த ஒரு மாணவி அந்த வெளிச்சத்தைத் திரும்ப வரவழைத்திருந்தாள். பூச்சின் தடிமனைக் காட்டும் மானி, அண்ணன் முதல் துண்டைச் செய்த நாட்களில் தப்பாகக் காட்டியிருக்கிறது. மானிக்குள் இருந்து அளக்கிற படிகச் சில்லை மாற்றி அது சரியாகக் காட்டத் தொடங்கியபிறகு, எழுதிவைத்திருந்த அளவை நம்பிச் செய்ததெல்லாம் வேறு தடிமனாகிவிட்டது. "நீ செய்தது சரி. மானி சொன்ன அளவுதான் தப்பு" என்றார். "இந்தக் கட்டுரையில் உன் பேரும் போடணும், சம்மதமா?"

அண்ணன் நின்றபடியே கடைசித் தாள் வரை வாசித்தான். "அந்தப் பிள்ளை நல்லா செஞ்சிருக்கு சார்" என்றான். திரும்பி வந்து ஆய்வேட்டை முடிக்கச் சொன்னார் அவர். அண்ணன் சிரித்தான். அவரைப் பஸ் ஏற்றிவிட்டு வந்து, என் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"அந்த மானியை ஒரு நாள்கூட நான் சந்தேகப்படல்லட்டி" என்றான். "என்னைத்தான் சந்தேகப்பட்டேன்."

அடுத்த வாரம் திருவனந்தபுரத்தில் விமானம் ஏறினான். இப்போதும் கல்ஃபில்தான் இருக்கிறான்.