வட்டக் கண்ணாடியில் தெரியும் இடம்

என் சைக்கிளின் வலது கைப்பிடியில் ஒரு வட்டக் கண்ணாடி இருக்கிறது. சைக்கிளுக்கென்று கடையில் விற்கும் சின்னக் கண்ணாடி இல்லை. கன்டெய்னர் ஏற்றிப் போகும் ட்ரெய்லர் லாரிக்கு வைப்பது. டீ சாசரைவிடப் பெரியது. பார்க்கிறவர்கள் சிரிக்காமல் போனதில்லை. எங்கள் பள்ளித் தமிழம்மா, "பொட்டு வெச்சுக்கவா டீச்சர், இவ்ளோ பெருசு?" என்று கேட்டார். நானும் சிரித்துவிட்டு மிதித்துக்கொண்டு போய்விடுவேன். அது என் அண்ணன் மாட்டியது என்று ஆரம்பித்தால் கதை பொன்னேரி வரைக்கும் போய்த் திரும்ப வேண்டும். இன்றைக்குச் சொல்லிவிடுகிறேன்.

அண்ணன் ட்ரெய்லர் ஓட்டுகிறவர். துறைமுகத்துக்கும் மணலி, மாத்தூர், பொன்னேரிப் பக்கத்துக் கிடங்குகளுக்குமாகப் பதினெட்டு வருடம் ஓட்டியிருந்தார். நான் தண்டையார்பேட்டையில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். எங்கள் பள்ளியில் நான்கு பேர் சேர்ந்து, ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் ராயபுரத்திலிருந்து சைக்கிளில் கிளம்புவோம். காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் தாண்டி, ஆற்றுப் பாலம் ஏறி, மீஞ்சூருக்கு அப்பால் வயல் தொடங்கும் இடம் வரைக்கும் போவோம். காலைப் பூசையை விட்டுவிட்டு டவுசர் போட்டுக்கொண்டு ஊர் சுற்றுகிறாள் என்று மாதா கோயில் வாசலில் பேச்சு வந்தது. சாயங்காலப் பூசை என்று ஒன்று எதற்கு வைத்திருக்கிறார்கள்? அண்ணனுக்கும் இது பெரிய கேலி. "இன்னாமே, துன்ன சோறு செரிக்கலியா? வூட்ல துணி ஊற வெச்சிருந்தா தொவ்ச்சிப் போடு, தானா செரிக்கும்" என்பார். சாலையில் போகும்போது எதிரே அவர் வண்டி வந்தால் வேண்டுமென்றே ஹாரனை அழுத்துவார். நான் சைக்கிளோடு மண்ணில் இறங்கிவிடுவேன்.

அந்தக் கேலி ஒரு நாளில் நின்றுபோனது. விம்கோ நகர்ப் பக்கம் ஒரு திருப்பத்தில், ஷிப்டு முடிந்து சைக்கிளில் வந்த ஒரு தொழிலாளி அண்ணனின் வண்டிக்கு இடப்பக்கம் இருந்த இடைவெளியில் புகுந்திருக்கிறார். அண்ணன் இடப்பக்கம் திருப்பினார். சைக்கிள் நசுங்கியது, அந்த மனிதரின் கால் இரண்டு இடத்தில் முறிந்தது. உயிர் பிழைத்தார், கடவுள் புண்ணியம். "நானும்தான் அவசரத்துல பூந்துட்டேன்" என்று அவரே போலீஸிடம் சொன்னார். அண்ணன் ஆஸ்பத்திரிக்குப் போய் அவர் கட்டிலருகே ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு வந்தார். அதற்குப் பிறகு வண்டியில் ஏறவில்லை.

ஏறவில்லை என்றால் ஏற முடியவில்லை. முதலாளி இரண்டு முறை ஆள் அனுப்பினார். அண்ணன் கிளம்பிப் போவார், வண்டியின் படியில் கால் வைப்பார், வியர்த்துக் கொட்டி இறங்கி வந்துவிடுவார். வீட்டில் டி.வி.க்கு முன்னால் உட்கார்ந்திருப்பார், டி.வி. ஓடாது. "கண்ணாடில பாத்தேன்மே. நல்லா பாத்தேன். அவுரு இல்லியே" என்பார். நூறு முறை சொல்லியிருப்பார். லாரியைத் தவிர வேறு தொழில் தெரியாத மனிதர். இனி ஓட்டவே மாட்டாரோ என்கிற பயம் அந்த வீட்டில் எல்லோருக்கும் இருந்தது. ஏழு மாதம் ஆனபோது அண்ணி எனக்குப் போன் செய்து அழுதார். "உங்க அண்ணன வெளிய எங்கனா இட்டுகினு போயேன், புண்ணியமா போவும்."

எனக்குத் தெரிந்த வெளி ஒன்றே ஒன்றுதான், அந்தச் சைக்கிள் சாலை. அடுத்த ஞாயிறு அவர் வீட்டு வாசலில் போய் நின்று மணியடித்தேன். வரமாட்டார் என்றுதான் நினைத்தேன். தன் பெரிய மகளின் ரோஸ் நிற லேடீஸ் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். முன்னால் கூடை, அதில் தண்ணீர் பாட்டிலும் ஒரு துண்டும். நாற்பத்தைந்து டன் இழுத்த ஆள் அந்தக் கூடைச் சைக்கிளில் முழங்காலை அகட்டி மிதித்ததைப் பார்த்து எங்கள் நான்கு பேருக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை. "சிரிங்க சிரிங்க. இது பவர் ஸ்டீரிங்கு" என்றார். ஏழு மாதத்தில் நான் கேட்ட முதல் கிண்டல் அது. எனக்குக் கண் கலங்கிவிட்டது, முன்னால் வேகமாகப் போய்விட்டேன்.

முதல் வாரம் எண்ணூரோடு மூச்சு வாங்கித் திரும்பினார். அடுத்த வாரம் பாலம். அங்கே நின்று, ஆற்றில் இடுப்பளவு தண்ணீரில் கையால் தடவி இறால் பிடித்துக்கொண்டிருந்தவர்களையும் அவர்களுக்குப் பின்னால் புகை விட்ட மின் நிலையக் குழாய்களையும் வெகுநேரம் பார்த்தார். மாசி மாதத்தில் பொன்னேரி வரைக்கும் வந்துவிட்டார். சம்பா அறுவடை நடந்துகொண்டிருந்தது. சாலையில் பாதியை அடைத்து நெல்லைக் காயப்போட்டிருந்தார்கள். ஒரு பெண் அதைக் காலால் கோடு கோடாகக் கிளறிக்கொண்டே நடந்தாள். அறுத்த வயலில் கொக்குகள், அறுக்காத வயலில் மஞ்சள், இடையே எங்கிருந்தோ உப்புக்காற்று. அண்ணன் இறங்கி, நெல்லில் சக்கரம் படாமல் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு ஓரமாக நடந்தார். அந்தப் பெண் நிமிர்ந்து, "ஏறிப் போ நைனா, ஒண்ணும் ஆவாது" என்றாள். இவர் கேட்கவில்லை. "இதே ரோட்டுல எத்தினி நட வந்துருப்பேன்! மேலேர்ந்து பாத்தா எல்லாம் ஒரே பச்சை. வரப்பு கீது, வரப்புல ஆள் கீதுன்னு இப்பதான்மே தெரியுது" என்றார். சந்தோஷமாகத்தான் சொன்னார், ஆனால் குரல் பாதியில் இறங்கியது.

அன்றைக்குத் திரும்பி வரும்போதுதான் அது நடந்தது. போகும்போது முதுகில் தள்ளிய தெற்குக் காற்று இப்போது முகத்தில் அறைந்தது. வெயில் ஏறிவிட்டது, தோழிகள் மூவரும் முன்னால் போய்விட்டார்கள். எண்ணூரில் வழக்கம்போல துறைமுகத்துக்கான ட்ரெய்லர் வரிசை. ஒன்றின் வாலில் ஒன்று, அசையாமல் நின்றது. நான் வழக்கம்போல இடப்பக்கம் ஓரமாகப் புகுந்தேன். பத்து வண்டியாவது கடந்திருப்பேன்.

"ஏ கயிதே! நில்லு!"

கல்யாணமாகி இரண்டு பிள்ளை பெற்றவளை நடுரோட்டில் கழுதை என்கிறார். திரும்பினேன். முகம் கறுத்துப்போய் ஓடி வந்தார். "நிக்கிற வண்டிதானே?" என்றேன். "இஞ்சின் ஓடிகினு கீது, நிக்கிற வண்டியா அது? அவன் உன்னப் பாத்தானா?" "நான் அவனைப் பார்த்தேனே, அவன் என்னைப் பார்த்திருக்க மாட்டானா?" என்று கேட்டேன். கணக்கு டீச்சர் சொன்ன லாஜிக் அது. இத்தனை வருடம் அதை நம்பித்தான் ஓட்டியிருக்கிறேன். அண்ணன் திரும்பி வரிசையோடு நடந்தார். வரிசையில் தெரிந்த டிரைவர் ஒருவரைக் கண்டுபிடித்து இஞ்சினை நிறுத்தச் சொன்னார். அவரை இறக்கிவிட்டு என்னை அந்த சீட்டில் ஏற்றினார். "கண்ணாடியப் பாரு. நான் வர்றேன். தெரியிற வரிக்கும் சொல்லிகினே இரு" என்றார்.

இடப்பக்கக் கண்ணாடியில் அண்ணன் ரோஸ் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். தெரிகிறார், தெரிகிறார், இன்னும் தெரிகிறார். பிறகு இல்லை. கண்ணாடியில் வெறும் ரோடு. "அண்ணா, எங்கே போனே?" என்று கத்தினேன். "இங்கதான் கீறேன்" என்று குரல் வந்தது, இடப்பக்கக் கதவுக்கு நேர் கீழேயிருந்து. ஆறடி ஆளும் ஒரு சைக்கிளும் கூடையோடு காணாமல் போயிருந்தார்கள். எத்தனை ஞாயிற்றுக்கிழமை நான் அந்த இல்லாத இடத்தில் பாட்டு பாடிக்கொண்டு போயிருக்கிறேன்!

"இறங்கு. எங்க நிக்கணும்னு காட்றேன்" என்றார். நான் இறங்கினேன். அவர் ஏறினார். கோபத்தில் விறுவிறுவென்று ஏறி, கதவைச் சாத்தி, அந்தப் பக்கம் எட்டி இடக் கண்ணாடியைத் தன் உயரத்துக்குத் திருப்பினார். "பின்னாடி போ. இன்னும் போ. இன்னும்... நில்லு. இப்ப என் மூஞ்சி தெரியுதா கண்ணாடில?" தெரிந்தது. "உனுக்கு என் மூஞ்சி தெரிஞ்சாத்தான் எனுக்கு நீ தெரிவ. இல்லாங்காட்டி நீ ரோட்லயே இல்ல. புரிதா?" புரிந்தது. ஆனால் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்த எனக்கு வேறொன்றும் புரிந்தது. அவருக்கும் அதே நொடியில் புரிந்திருக்க வேண்டும். ஸ்டீரிங் மேல் இருந்த தன் இரண்டு கைகளையும் குனிந்து பார்த்தார். பின்னால் யாரோ ஹாரன் அடித்தார்கள். அண்ணன் இறங்கவில்லை. கண்ணாடியில் அவர் அழுவது தெரிந்தது, நான் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றேன்.

அடுத்த மாதம் வேலைக்குப் போனார். முதல் சில நாள் வாந்தி எடுத்தார் என்று அண்ணி சொன்னார், ஆனாலும் போனார். போவதற்கு முன் உதிரிபாகக் கடைகளெல்லாம் அலைந்து ஜோடியாக இரண்டு வட்டக் கண்ணாடி வாங்கினார். ஒன்றை வண்டியின் இடது மூலையில், கதவுக்குக் கீழே இருக்கும் அந்த இடம் தெரியும்படி மாட்டினார். இன்னொன்றை என் கைப்பிடியில் முறுக்கினார். "பெருசா கீதேண்ணா" என்றதற்கு, "நல்லா தெரிட்டும்" என்றார். விம்கோ நகர்க்காரர் இப்போது லேசாகச் சாய்ந்து நடக்கிறார். கிறிஸ்துமஸுக்கு அண்ணன் வீட்டிலிருந்து அவருக்குக் கேக் போகிறது, பொங்கலுக்கு அங்கிருந்து கரும்பு வருகிறது.

போன ஞாயிறு பொன்னேரியிலிருந்து திரும்பும்போது எண்ணூரில் மறுபடியும் வரிசை. அதில் அண்ணனின் வண்டி. பயம் போய்விட்டதா என்றால் இல்லை, இப்போதும் அந்த வரிசையைக் கண்டால் பிரேக்கைப் பிடித்துவிடுகிறேன். இடப்பக்கம் புகாமல் பின்னால், அவர் அன்றைக்குக் காட்டிய தூரத்தில் நின்றேன். பக்கக் கண்ணாடியில் அவர் முகம் ரூபாய்க் காசு அளவுக்குத் தெரிந்தது. உதடு அசைந்தது. அந்த இரைச்சலில் என்ன கேட்கும்? ஆனால் அவர் என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியும். "தெரியிறமே, போ." இஞ்சின் நின்றது. முன்னால் வரிசை நகர்ந்தும் அவர் நகரவில்லை. பின்னால் பத்து வண்டி ஹாரன் அடித்தது. நான் அவரைத் தாண்டிப் போனேன். என் கண்ணாடியில், வளைவு வரும் வரைக்கும், அண்ணன் தெரிந்தார்.