பல்லக்குக்கு முன்னால் ஓர் இங்கிலீஷ் நோட்டு

என் கணவருக்குச் சங்கீதப் பயிற்சி கிடையாது. ஆனால் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தால் விரலால் தட்டிக்கொண்டு ஒரே ஒரு மெட்டை முணுமுணுப்பார். எங்கள் கான்வென்ட்டில் வெள்ளிக்கிழமை அணிவகுப்புக்கு வாசித்த மார்ச் அது என்று நான் சொல்வேன். "எங்க ஊரு முருகனுக்கு வாசிக்கறது, உங்க சிஸ்டருங்களுக்கு எப்படிக் கிடைச்சுது?" என்று அவர் திருப்பிக் கேட்பார். அவர் போய் ஆறு ஆண்டுகள் ஆகின்றன. இந்தச் சித்திரையில் ஊர் உற்சவத்துக்கு நாத்தனார் ராஜேஸ்வரி அழைத்தபோது, வாதத்தை நேரிலேயே தீர்த்துவிடலாம் என்று கிளம்பினேன். தனியாகப் போகவேண்டாம் என்றான் மகன். எழுபத்து நான்கு வயதில் யாரிடமும் அனுமதி கேட்கும் வழக்கம் எனக்கில்லை.

ஆந்திர எல்லையைத் தாண்டியதும் நகரிக்கும் புத்தூருக்கும் நடுவில் உள்ள நெசவாளர் ஊர் அது. பெயரைப் போடவேண்டாம் என்று கோயில் கமிட்டியார் கேட்டுக்கொண்டார்கள். ஏன் என்பது படித்தால் புரியும். சென்னை சென்ட்ரலில் காலைத் திருப்பதி ரயிலைப் பிடித்துப் புத்தூரில் இறங்கினேன். இரண்டே கால் மணி நேரம். அங்கிருந்து எட்டுக் கிலோமீட்டர் ஆட்டோ. ஆட்டோக்காரர் முந்நூறு கேட்டார், இருநூறுக்கு வந்தார்.

"எங்கேருந்து வந்துக்கினு கீறீங்கம்மா?"

"சென்னை. உற்சவத்துக்கு."

"இந்த வருசம் நோட்டு இல்லியாமே? சேர்மன் ஒத்துக்கலயாம். திருப்பதிலேர்ந்து மேளம் எறக்கிட்டாங்க."

நோட்டு என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். சுமார் இருநூறு ஆண்டுகளுக்கு முன் கும்பினிப் பட்டாளத்தின் பாண்டு வாத்தியங்களை நம் வித்வான்கள் காது கொடுத்துக் கேட்டார்கள். பிடித்த மெட்டுகளுக்குச் சம்ஸ்கிருதத்தில் தெய்வங்கள்மேல் சாகித்தியம் எழுதினார்கள். பெரும்பாலும் சங்கராபரணத்தின் ஸ்வரங்கள்தாம். ஆனால் நம் ராகத்துக்கு உயிரான கமகம், அதாவது ஸ்வரத்தை அசைத்து இழைக்கும் வேலை, அதில் கிடையாது. ஒவ்வொரு ஸ்வரமும் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி நேராக நிற்கும். நாதஸ்வரக்காரர்கள் அதை இங்கிலீஷ் நோட்டு என்பார்கள். வயலினும் கிளாரினெட்டும் நம்மிடம் வந்து சேர்ந்ததும் அதே வழியில்தான்.

ராஜேஸ்வரியின் வீட்டில் பின்கட்டில் விசைத்தறி ஓடுவதால் எல்லாரும் உரக்கத்தான் பேசுவார்கள். காபியைக் கையில் கொடுத்த கையோடு விஷயத்துக்கு வந்துவிட்டாள்.

"அண்ணி, சேர்மன்கிட்ட சொல்லி வெச்சிக்கீறேன். எங்க அண்ணி கான்வென்ட்ல பியானோ படிச்சவங்க, அவங்க வந்து சொல்லட்டும்னு. நோட்டு நம்ம பாட்டுதான், வெள்ளக்காரன்து இல்லன்னு ஒரே வார்த்த சொல்லிடுங்க. தேவராஜ் பொழச்சிப்பான்."

தேவராஜ் கிளாரினெட்காரர். ஐம்பது வயது இருக்கும். பல்லக்கு கோயிலுக்குத் திரும்பும்போது வாசலில் நோட்டு வாசிப்பது அவர் குடும்பத்தின் முறை. கிளாரினெட்டுக்கு உற்சவத்தில் அந்த ஓரிடம்தான் உண்டு. நோட்டு போனால் அவரும் போகவேண்டியதுதான். கமிட்டித் தலைவரைத்தான் ஊரில் சேர்மன் என்கிறார்கள். ஓய்வுபெற்ற தெலுங்கு ஆசிரியர். சுவாமிக்கு முன்னால் பட்டாளத்து மெட்டு எதற்கு என்பது அவருடைய கேள்வி. அதில் ஒரு நியாயம் இருந்தது என்பதையும் எழுதவேண்டும்.

"எனக்குத் தெரிந்ததைச் சொல்வேன்," என்றேன்.

"உங்களுக்குத் தெரிஞ்சதுதான் எனக்கு பயமே," என்றாள்.

மாலை நான்கு மணிக்கு மண்டபத்தில் தேவராஜ் வாசித்துக் காட்டினார். இரண்டாவது வரியிலேயே தெரிந்துவிட்டது. எங்கள் வெள்ளிக்கிழமை மார்ச்தான், சந்தேகமே இல்லை. ஒரே ஒரு வேறுபாடு. ஒவ்வொரு வரி முடிவிலும் எங்கள் பாண்டில் பெரிய டிரம்மில் ஓர் அடி விழும். தேவராஜ் அந்த இடத்தில் ஒன்றும் வாசிக்காமல் விட்டார்.

சேர்மன் கைகூப்பினார். "செப்பண்டி அம்மா, சொல்லுங்க. இது யாருது?"

ராஜேஸ்வரி என் புடவைத் தலைப்பை இழுத்தாள். தேவராஜ் என்னைப் பார்க்கவில்லை. வாத்தியத்தின் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"மெட்டு ஐரோப்பியர்களுடையது. நான் பள்ளியில் வாசித்திருக்கிறேன்," என்றேன். "ஆனால் சார், வயலினும் அங்கிருந்து வந்ததுதான். அதை மேடையிலிருந்து இறக்கிவிடலாமா?"

"வயலின் வந்திச்சி, நம்ம பாட்ட கத்துக்கிச்சி. இது இன்னும் அவங்க பாட்டயே பாடிக்கினு கீதே?"

சேர்மனே யோசித்து ஒரு முடிவு சொன்னார். இன்று இதே மெட்டைத் திருப்பதியிலிருந்து வந்திருக்கும் வித்வான் நாதஸ்வரத்தில் கமகத்தோடு, ராகமாக வாசிக்கட்டும். மெட்டும் இருக்கும், நம்முடையதாகவும் ஆகிவிடும். கிளாரினெட் வேண்டாம். தேவராஜ் சரி என்று தலையசைத்து வாத்தியத்தைப் பெட்டிக்குள் வைத்தார்.

"கான்வென்ட்டு நல்லாத்தான் படிக்க வெச்சிது," என்று ராஜேஸ்வரி யாருக்கோ சொல்வதுபோல் சொன்னாள். அதன்பின் என்னுடன் பேசவில்லை.

பல்லக்கு ஆறு மணிக்கு வாசலுக்குத் திரும்பியது. இங்கே ஒரு வழக்கம். சுவாமி உடனே உள்ளே போகமாட்டார். பல்லக்கு வீதியைப் பார்த்து நின்று, நோட்டின் தாளத்துக்கு முன்னும் பின்னுமாக ஆடிவிட்டுத்தான் போகும். தூக்குவது முன்னால் நான்கு பேர், பின்னால் நான்கு பேர். நடுவில் மாலைகளும் குடையும் இருப்பதால் பின்னால் நிற்பவர்களுக்கு முன்னால் நடப்பது தெரியாது.

திருப்பதி வித்வான் இளைஞர், உண்மையான சங்கீதம் உள்ளவர். அந்த விறைப்பான மெட்டை அவர் அசைத்து இழைத்தபோது எனக்கே புல்லரித்தது. வரி முடிவில் இருந்த காலி இடத்தையும் விடாமல், வேகமாக உருண்டோடும் ஓர் அழகான பிருகாவால் நிரப்பினார். அந்த நொடியில் பல்லக்கு இடப்பக்கம் சாய்ந்தது. குருக்கள் விக்கிரகத்தை இரு கைகளாலும் பிடித்துக்கொண்டார். கூட்டம் அலறியது.

"நிறுத்துய்யா!" முன்கம்பில் நின்ற கோபால் கத்தினார். "தோள் மாத்த எடமே குடுக்காம ஊதிக்கினே போனா எப்டி? பின்னால கீறவன் மாத்திட்டான், நான் மாத்தல. சாமிய கீழ போட சொல்றியா?"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அந்தக் காலி அடியில்தான் எட்டுப் பேரும் தோள் மாற்றுகிறார்கள். கண்ணால் பார்க்க முடியாதவர்கள் காதால் கேட்டு மாற்றுகிறார்கள். அதற்கு ஸ்வரம் நேராக நிற்கவேண்டும், வரி வெட்டினாற்போல் முடியவேண்டும். எங்கள் பள்ளியில் டிரம் விழுந்த இடத்தைச் சத்தமில்லாமல் ஆக்கி, பல்லக்குக்குக் கொடுத்துவிட்டிருக்கிறார்கள்.

"தேவராஜு, என்னாத்துக்கு முழிச்சிக்கினு கீற? பெட்டிய தொறடா!" என்று கோபால் மறுபடி கத்தினார்.

தேவராஜ் அசையவில்லை. "சேர்மன் சொல்லட்டும்," என்றார்.

"சீக்கிரம் சொல்லு சார், தோளு எறங்குது!" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. சிலர் சிரித்துவிட்டார்கள்.

சேர்மன் என்னைப் பார்த்தார். "அம்மா, அந்த காலி எடம் உங்க ஸ்கூல்ல இருந்திச்சா?"

"இல்லை சார். அங்கே டிரம் இருந்தது. காலி இடம் இந்த ஊருடையது."

அவர் தேவராஜ் பக்கம் திரும்பி வாசிக்கச் சொன்னார். "வாயிஞ்சண்டி."

முதல் முறை கிளாரினெட் தனியாக வாசித்தது. இரண்டாம் முறை திருப்பதி வித்வானும் சேர்ந்துகொண்டார். வரி முடிவில் வாத்தியத்தை உதட்டிலிருந்தே எடுத்துவிட்டார். எட்டுத் தோள்கள் ஒன்றாக மாறின. அந்த அமைதியில் கம்பு கிறீச்சிட்டது மட்டும் கேட்டது. வரும் ஆண்டும் நோட்டு தேவராஜ் முறைதான் என்று சேர்மன் ஒலிபெருக்கியில் இரண்டு மொழிகளிலும் அறிவித்தார். அது எங்கிருந்து வந்த மெட்டு என்பதையும் சேர்த்தே சொன்னார். ராஜேஸ்வரி பக்கத்தில் வந்து நின்று, "பொய் சொல்லியிருந்தா இவ்ளோ வேலயே இல்ல அண்ணி," என்றாள். பேசிவிட்டாள், போதும்.

நம் சங்கீதம் மேற்கிலிருந்து எதை எடுத்தது என்று கேட்டால் இதுவரை ஸ்வரங்களையும் வாத்தியங்களையும்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். எடுத்ததை இறக்கி வைத்த இடத்தையும் போய்ப் பார்க்கவேண்டும் என்று இப்போது தோன்றுகிறது. கமகம் போட்டால்தான் ஒரு மெட்டு நம்முடையதாகும் என்று நானும் நம்பியிருந்தேன்.

போக விரும்புகிறவர்களுக்கு: எல்லைப்பக்கத்து ஊர்களில் உற்சவக் காலம் சித்திரையில். தேதியை உள்ளூரில் விசாரித்துக்கொண்டு புறப்படுங்கள். புத்தூரிலிருந்து திருப்பதி முப்பத்தைந்து கிலோமீட்டர், அடிக்கடி பேருந்து உண்டு. தங்குவதற்கு அங்கே போய்விடுவது நல்லது. தண்ணீரும் குடையும் கட்டாயம். ஐந்தரைக்கே வாசலின் வலப்பக்கம் நின்றுகொண்டால் முன்கம்பு தெரியும். நோட்டு வாசிக்கும்போது வரி முடிவில் திடீரென்று சத்தம் நின்றுவிடும். பாட்டு முடிந்தது என்று நினைத்துக் கைதட்டிவிடாதீர்கள். எட்டுப் பேர் அந்த அமைதியை நம்பித் தோளை எடுத்திருப்பார்கள்.