அந்த வளைவில் ஒரு நிமிடம்

"எல்லாரும் ஒரு நிமிசம் அமைதியா நில்லுங்க" என்று நினைவு ஓட்டத்தை நடத்திய தம்பி கையை உயர்த்தியபோது, என் மகன் எங்கே நிற்கிறான் என்று தேடினேன். மாட்டுப் பொங்கல் விடுமுறைக் காலை. கீழ் கோத்தகிரியில் எங்கள் எஸ்டேட்டின் மேல்பாதையில் ஒரு வளைவு. மூடுபனியில் பத்தடிக்கு அப்பால் தேயிலைச் செடிகூடத் தெரியவில்லை. என் அக்கா மகளின் படம் அச்சிட்ட பனியன்களோடு நூறு பிள்ளைகள் தலைகுனிந்து நின்றார்கள். முன்வரிசையில், செடிகளை ஒட்டி, என் மகன். பேச்சு அடங்கிவிட்டது. அந்த இடத்தில் அப்படி ஒரு அமைதியை நான் அதுவரை கேட்டதே இல்லை.

தோட்டத்தில் யாரும் வாயை மூடிக்கொண்டு நடப்பதில்லை. அக்காவுக்குப் பக்கத்து வரிசையில் பத்து வருடம் கொழுந்து பறித்தவள் நான். செடிகளுக்குள் இறங்குவதற்கு முன் கைதட்டுவோம், ஹோவென்று கத்துவோம். மாமியாரைத் திட்டுவதென்றாலும் உரக்கத்தான் திட்டுவோம். செடிகளுக்கு நடுவே காட்டெருமை படுத்திருக்கும். சத்தம் கேட்டால் எழுந்து தன் வழியே போய்விடும். சத்தமில்லாமல் அதன் முகத்தெதிரே போய் நின்றால்தான் வினை. எங்களில் அக்காவுக்குத்தான் பெரிய தொண்டை. நீ கத்தினால் குன்னூரில் பஸ் நின்றுவிடும் என்று கேலி செய்வோம்.

அவள் மகள் ஓட்டக்காரி. மாவட்டப் போட்டிக்காக, விடிந்ததும் இந்தப் பாதையில் தனியாக ஓடிப் பழகுவாள். "சத்தம் போட்டுட்டே ஓடு சாமி" என்பாள் அக்கா. "கத்துனா மூச்சு வாங்குதும்மா, எப்படி ஓடறது?" என்று சிரித்துவிட்டுப் போவாள் அவள். பத்தொன்பது வயது. இந்த வளைவிலிருந்துதான் அவளைத் தூக்கிக்கொண்டு போனோம். அதன் பிறகும் அக்கா வேலைக்கு வந்தாள். ஆனால் செடிகளுக்கு நடுவே வாய் திறக்கவில்லை. அவளுக்கும் சேர்த்து நாங்கள் கத்தினோம்.

ஓட்டத்தை ஏற்பாடு செய்தவர்கள் கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் அவளுடைய தோழர்கள். பள்ளிப் பிள்ளைகள் இந்தப் பாதையில் நடக்காமலிருக்க, ஓட்டத்தில் சேரும் பணத்தில் ஒரு வேன் வாங்க வேண்டும் என்பது அவர்கள் ஆசை. நல்ல பிள்ளைகள். எல்லா நினைவு நாளிலும் செய்வதைத்தான் செய்தார்கள். செத்துப்போனவளுக்குச் செய்யும் மரியாதைக்கு நடுவில் எப்படிக் கத்துவது? நாங்களும் பேசாமல் நின்றோம்.

அப்போது செடிகளுக்குள் ஏதோ முறிந்தது. பிறகு ஒரு கனத்த மூச்சு. என் மகன் கண்ணை மூடியபடி நின்றான். கூப்பிட வாயெடுத்தேன், குரல் வரவில்லை. அந்த ஒரு நிமிடம் முடிவேனா என்றது.

"ஹோய்ய்ய்! ஓரமாப் போ சாமி! புள்ளைங்க நிக்குதுங்க, போயிரு சாமி!"

அக்காதான். துக்கத்தில் அரற்றுகிறாள் என்று நினைத்து, நடத்திய தம்பி ஓடிவந்து அவள் தோளைப் பிடித்தான். அவனை உதறிவிட்டு மறுபடி கத்தினாள். அதற்குப் பிறகுதான் எங்களுக்கு உயிர் வந்தது. பெண்கள் எல்லாரும் கைதட்டிக் கத்தினோம். என் மகனிடமிருந்து நாலே வரிசைக்கு அப்பால், பனிக்குள் கரிய முதுகு ஒன்று எழுந்தது. நின்று எங்களைப் பார்த்தது. பிறகு மெதுவாகச் சரிவில் இறங்கிப் போயிற்று. மகனை இழுத்து முதுகில் நாலு வைத்தேன். பிறகு கட்டிக்கொண்டு அழுதேன்.

இப்போது ஓட்டத்தில் மௌனம் கிடையாது. கடைசிப் பிள்ளை கடந்து போகும்வரை அக்கா வளைவில் நின்று கத்துகிறாள். இந்தப் பொங்கலுக்கும் கத்தினாள். எனக்குப் பயம் போகவில்லை. என் மகன் அந்த வளைவைத் தாண்டும்வரை இன்றும் மூச்சுவிட மாட்டேன். ஆனால் காட்டெருமை வந்த அன்று எல்லாரும் ஓடிப்போன பிறகு, பாதையோரம் உட்கார்ந்து அக்கா சொன்னதுதான் என்னைத் தூங்கவிடுவதில்லை.

"அவளுக்குத்தான் கத்த மூச்சு பத்தல. எனக்கு இருந்துச்சே. தெனமும் நான் இங்க வந்து நின்னிருக்கலாமே பாப்பா."