ஒரு ஜெபமாலை நீளம்

தேவதாசனுக்கு இங்கிலீஷ் அரைகுறை. எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டுவிட்டு லாரிக்கு அடியில் படுத்த மனுஷன். ஆனாலும் 1975இல், துறைமுகச் சாலையில் இருந்த அவருடைய பட்டறையில், கிரீஸ் டப்பாவுக்குப் பக்கத்தில் நாலு இங்கிலீஷ் புத்தகங்கள் இருந்தன. நாலிலும் ஒரே சங்கதிதான். ஒரு காலத்தில் கார் பந்தயம் நடந்து, இப்போது இல்லாமல் போன தடங்களின் வரலாறு. வீடு கட்டி மூடிய தடம், காடு மண்டிய தடம், கோழிப்பண்ணையான தடம் என்று படத்தோடு போட்டிருக்கும். கப்பல்காரர்கள் கழித்துப்போடும் சாமான்களை வாங்கி விற்கும் செய்கு அப்துல் காதிர், அந்த மாதிரிப் புத்தகம் கண்ணில் பட்டால் அவருக்கென்று எடுத்து வைப்பார். தேவதாசனுக்கு அவர் 'காக்கா', அதாவது அண்ணன்.

"காக்கா, வேற ஏதும் வந்திருக்கா?"

"இருக்கதப் பத்தி எழுதுன புஸ்தகம் ஒமக்கு ஆகாதா வே? இல்லாமப் போனதுதான் வேணுமா?"

தேவதாசன் சிரித்துக்கொள்வார். அவர் அந்த நாலு புத்தகத்திலும் தேடியது ஒரே ஒரு தடத்தை. ஊருக்கு வடக்கே, சண்டைக் காலத்தில் விமானத்துக்காகப் போட்டுவிட்டுப்போன தார்த்தளம். நாற்பத்தேழில் தொடங்கி மூன்று டிசம்பர்கள், மில்லுத் துரைகளும் சிலோன் எஸ்டேட் துரைகளும் அதில் கார் ஓட்டினார்கள். இருபது வயது தேவதாசன் அங்கே சக்கரம் மாற்றினார். அதற்கப்புறம் உப்பளம் வந்தது, வரப்பு வெட்டினார்கள், கடல் தண்ணீரைப் பாய்ச்சினார்கள், தடம் போயிற்று. டீக்கடையில் சொன்னால், "குதிர ரேஸா அண்ணாச்சி?" என்று கேட்பார்கள். அதனால் வெளியே சொல்வதை விட்டுவிட்டார். வீட்டில் மட்டும் விடவில்லை.

"செத்துப்போன ரோட்டுக்கெல்லாம் பூசை ஒப்புக்கொடுக்கது இந்த ஊர்ல நீங்க ஒருத்தருதான்" என்பாள் அவர் மனைவி இன்பமணி.

நாலாவது புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் ஒரு அறிவிப்பு இருந்தது. விட்டுப்போன தடம் ஏதாவது தெரிந்தால் எழுதுங்கள், அடுத்த பதிப்பில் சேர்க்கிறோம். இடம், பெயர், வருஷம், நீளம் வேண்டும். அகராதியை வைத்துக்கொண்டு அதை மூன்று தடவை வாசித்தார். நீளத்தில் போய் நின்றுவிட்டார். இரண்டு ஆபீசில் கேட்டார். அந்தக் காலத்துக் கடுதாசியைக் கரையான் தின்றுவிட்டது என்றார்கள். உப்பளத்து வரப்பில் போய் நின்று பார்த்தார். எங்கு பார்த்தாலும் ஒரே மாதிரி வெள்ளைப் பாத்தி. தடம் எங்கே தொடங்கிற்று என்பதே தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து, சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். சாளைக் குழம்பு ஆறிப்போயிற்று. இன்பமணிக்குப் பொறுக்கவில்லை.

"என்னத்தத் தொலச்சிட்டு வந்திருக்கிய?"

"அந்தத் தடத்துக்க நீளம் தெரியலளா. நான் இந்த முனையில சக்கரத்தோட கெடந்தவன். மறுமுனையக் கண்ணால பாத்ததில்ல."

"ஒரு ஜெபமாலை நீளம்."

"ஏளா, வெளையாடாத."

"வெளையாட எனக்கு நேரம் எங்க இருக்கு? அம்பத்துமூணு மணி. மண்டிக்காரருக்க மொளகாயெல்லாம் அங்கனதான காயப்போடுவோம். பலகைய வச்சுத் தள்ளிக் கிளறிக்கிட்டே இந்த முனையில இருந்து அந்த முனைக்குப் போவணும். வாயத் தொறந்தா நெடி தொண்டையில ஏறிரும். அதனால மனசுக்குள்ள ஜெபமாலை. முடியவும் முனை வந்துரும்."

தேவதாசன் கையில் இருந்த கவளம் தட்டிலேயே விழுந்தது. "நீ அங்கனயா இருந்த?"

"ஒங்க காரு வருசத்துல ஒரு நாளு. எங்க மொளகா மத்த நாளு பூரா. ரேஸுக்கு முந்துன நாளு, 'அள்ளுங்கட்டி, அள்ளுங்கட்டி'ன்னு தொண்ட கிழியக் கத்துனது ஆரு?"

"இருவத்துநாலு வருசமாச் சொல்லலையே."

"நீங்க சொல்லுத கதையில காருதான ஓடும். இடையில நான் எங்கன பூந்து சொல்லுதது?"

மறுநாள் காலையில் இரண்டு பேரும் வடக்கு ரோட்டுக்குப் போனார்கள். அங்கே மைலுக்கு எட்டு என்று நட்டிருந்த பழைய பர்லாங்கு கற்களைப் பிடுங்காமல் விட்டிருந்தார்கள். இன்பமணி ஜெபமாலையை எடுத்துக்கொண்டு நடந்தாள். ஐம்பத்துமூன்றாவது மணிக்கு ஒன்பதரை பர்லாங்கு ஆகியிருந்தது.

"அவ்வளவு இருக்காது. ஒரு காரு போயிட்டு வர அம்புட்டு நேரம் எடுக்காது" என்றார் தேவதாசன். முகம் வாடிப்போயிற்று.

இன்பமணி யோசித்தாள். அவள் இப்போது சொன்னது நாற்பத்துநாலு வயசுக்காரியின் ஜெபம். பிள்ளைகள் பேரையெல்லாம் ஒவ்வொரு மணியிலும் வைத்து, நிறுத்தி நிதானமாகச் சொன்னது. அன்றைக்கு வேண்டிக்கொள்ள அவளுக்கு என்ன இருந்தது? கால் சுட்டது, அவ்வளவுதான்.

"உச்சிக்கு வருவோம்" என்றாள்.

உச்சி வெயிலில் செருப்பைக் கழற்றி அவர் கையில் கொடுத்தாள். தார் கொதித்தது. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, வாய்க்குள் முணுமுணுத்தபடி ஓட்டமும் நடையுமாகப் போனாள். இரண்டு செருப்பையும் பிடித்துக்கொண்டு தேவதாசன் பின்னாலேயே ஓடினார். எதிரே வந்த மாட்டுவண்டிக்காரன் ஒதுங்கி வழிவிட்டான். ஏழாவது கல்லில் கடைசி மணி வந்தது.

"ஏழு" என்றாள், ஒற்றைக்காலில் நின்றுகொண்டு. "இப்பமாவது செருப்பத் தாங்க."

கடிதம் எழுத மூன்று நாள் பிடித்தது. பெயர் என்று இருந்த இடத்தில் பேனா நின்றது.

"மொளகாக்களம்னு எழுதுங்க. நாங்க அப்படித்தான் சொல்லுவோம்."

புத்தகத்தில் உள்ள தடங்களுக்கெல்லாம் கம்பீரமான பெயர்கள். தேவதாசனுக்குக் கூச்சமாக இருந்தது. பெயர் தெரியாது என்று எழுதி ஒட்டிவிட்டார்.

மூன்று வருஷம் கழித்து, எழுபத்தெட்டில், அந்தப் புத்தகத்தின் புதிய பதிப்பு தபாலில் வந்தது. கடைசிப் பக்கத்தில், பொடி எழுத்தில், இரண்டே வரி. அவர் விரலை வைத்துத் தமிழாக்கிச் சொன்னார்: "தூத்துக்குடி, இந்தியா. நாப்பத்தேழு முதல் நாப்பத்தொம்பது. ஏழு பர்லாங்கு. பேரு தெரியல. இப்பம் உப்பு."

"பேரு தெரியலையா? தெரிஞ்சவ இங்கன குத்துக்கல்லாட்டம் இருக்கேன்லா." இன்பமணி மீனை ஆய்வதை நிறுத்தவில்லை.

தேவதாசன் பட்டறைப் பென்சிலை எடுத்து, அந்த இரண்டு வரிக்குப் பக்கத்தில், தமிழில், மொளகாக்களம் என்று எழுதினார்.

"ஏளா, அந்த மறுமுனையில என்ன இருந்துச்சு?"

"ஒண்ணுமில்ல. ஒத்தப் பன. ரேஸு அன்னைக்கு மொளகாச் சாக்கோட நாங்க அதுக்கடியில உக்காந்திருப்போம். காரு எல்லாம் எங்க பக்கத்துல வந்துதான் திரும்பும்." கத்தியை ஒரு தடவை கழுவினாள். "நீங்க அந்த முனையில நிக்கது ஒரு புள்ளியாட்டம் தெரியும்."