எத்தனை அங்குலம் என்று எழுதவில்லை

போன ஆகஸ்ட் எட்டாம் தேதி, காலை பத்து இருபது. பந்தலூரில் மூன்றாம் நாளாக அடைமழை. வீட்டுக்குப் பின்னால் போகும் ஓடை நிரம்பி, சமையலறைக் கதவிடுக்கு வழியாகத் தண்ணீர் உள்ளே வந்துவிட்டது. அரிசி மூட்டையை நானும் மனைவியும் மேசைமேல் ஏற்றினோம். ஸ்கேலை வைத்து அளந்தேன். நாலு அங்குலம்.

குன்னூரில் இருக்கும் மகளுக்குச் சொல்லாவிட்டால் கோபித்துக்கொள்வாள். கரண்ட் முந்தின நாளே போயிருந்தது; கைபேசியில் சார்ஜ் ஒரு சதவீதம். அவசரமாக ஆங்கிலத்தில் இரண்டே சொல் அடித்து அனுப்பினேன்: ‘ஹவுஸ் இனண்டேட்டட்.’ உடனே கைபேசி அணைந்துவிட்டது.

எஸ்டேட் ஆபீசில் முப்பத்தோரு வருடம் நான் எழுதிய சொல் அது. வறண்டிருக்க வேண்டிய இடத்தைத் தண்ணீர் வந்து மூடினால் ‘இனண்டேட்’. கணுக்கால் அளவா, கூரை அளவா என்று அந்தச் சொல் சொல்லாது. அதனால் அறிக்கையில் பக்கத்திலேயே அளவையும் போடுவேன். எதையும் எண்ணாமல் விடாத நான் அன்று அதைப் போடாமல் விட்டேன். மகளோ அந்தச் சொல்லை டிவி செய்தியில், கூரை மட்டும் தெரியும் ஊர்களைக் காட்டும்போது கேட்டிருக்கிறாள்.

பன்னிரண்டு மணிக்கு நாலு பேர் கயிறும் லாரி டியூபுமாக ஓடிவந்தார்கள். முன்னால் வந்தவர் பக்கத்து ஊரான தேவாலாவின் ஜீப் டிரைவர். எப்போதோ ஒருமுறை மகள் அவர் வண்டியில் வந்திருக்கிறாள்; நான் அவரைப் பார்த்ததுகூட இல்லை. சமையலறையை எட்டிப் பார்த்தார்.

“ஏனுங்கய்யா, ஊடே முழுகிப்போச்சுன்னு உங்க பொண்ணு போன்ல அழுவுதுங்க. இதுல வாத்துகூட நீந்தாதுங்களே!”

“இவரு இங்கிலீசுல எழுதுனா இப்பிடித்தான் தம்பி,” என்றாள் மனைவி.

அவர் தன் போனில் மகளைக் கூப்பிட்டுத் தந்தார். “கண்ணு, நாலு அங்குலந்தான்,” என்றேன். அழுகை மட்டும் கேட்டது. ஏழு மாத வயிற்றோடு, மருமகனைக் கூட்டிக்கொண்டு, அந்த மழையில் ஊட்டியைத் தாண்டிவிட்டிருந்தாள்.

“திரும்பிப் போயிரு சாமி.”

“போறேன்ப்பா. அம்மாகிட்டக் குடுங்க. அம்மா குரலையும் கேட்டாத்தான் நம்புவேன்.”

வந்தவர்கள் உடனே போய்விடவில்லை. பக்கெட்டில் தண்ணீரை மொண்டு ஊற்றி, கதவடியில் மண்மூட்டை அடுக்கிவிட்டுத்தான் நிமிர்ந்தார்கள். ஜீப் வாடகை எவ்வளவு என்று கேட்டேன்.

“முழுகாத ஊட்டுக்கு எப்பிடிங்க காசு வாங்கறது?” என்று சிரித்தார் டிரைவர்.

இப்போதெல்லாம் மகளுக்குத் தமிழில்தான் எழுதுகிறேன், அங்குலத்தோடு. யாரென்றே தெரியாத எங்களுக்காக நாலு பேர் கயிறு எடுத்துக்கொண்டு ஓடிவந்தார்கள். அதற்கு எனக்கு ஆன செலவு, முக்குக் கடையில் நாலு டீ, நாலு வர்க்கி: மொத்தம் எழுபத்திரண்டு ரூபாய்.