எல்லாத்துக்கும் ஒரே தோட்டா போதுமா?

துப்பாக்கிக் கடையில் வேலை பார்ப்பதில் ஒரு சௌகரியம் உண்டு: வருகிறவர் எப்பேர்ப்பட்ட கோபக்காரராக இருந்தாலும், லைசென்ஸை எடுத்து நீட்டுகிற வரைக்கும் நம்மிடம் பணிவாகத்தான் பேசியாக வேண்டும்.

அந்தப் பணிவும் அதோடு சரி. துணிக்கடை, செருப்புக்கடை, மருந்துக்கடை என்று கவுன்டருக்குப் பின்னால் நின்று கால் கடுத்துப்போன என் சகோதர சகோதரிகளே, உங்களிடம் "இதுல வேற கலர் இல்லையா?" என்று கேட்டு உயிரை எடுக்கிறார்கள். என்னிடம் கேட்பது, "எல்லாத்துக்கும் ஒரே தோட்டா போதுமா?" வேட்டைக்குத் தடை போட்டு எத்தனையோ காலம் ஆகிவிட்டது. இந்தக் கேள்விக்கு யாரும் தடை போடக் காணோம்.

ஆம்பளைங்க யாரும் இல்லையா?

வீட்டுக்காரருக்கு ஓசூரில் கம்பெனி வேலை. அப்படித்தான் விருதுநகர்ப் பக்கத்திலிருந்து வந்து இந்தக் கடையில் சேர்ந்தேன். முதலாளி பாதி நாள் கோர்ட்டு, கலெக்டர் ஆபீஸ் என்று அலைவார். கடையில் நான் மட்டும்தான். பாகலூர்க்காரர் ஒருத்தர் உள்ளே வந்து என்னைப் பார்த்தார், பின்னால் பார்த்தார், மேஜைக்கு அடியில்கூடப் பார்த்தார். "ஆம்பளைங்க யாரும் இல்லையா?" என்றார். "இல்லைங்க, துப்பாக்கிதான் இருக்கு" என்றேன்.

தாத்தா காலத்து ரைபிள் அவருடையது. ஆனைக்கும் மானுக்கும் அதே தோட்டாதான், "ஒந்தே சாக்கு, ஒண்ணே போதும்" என்று கன்னடத்திலும் தமிழிலுமாக அடித்துச் சொன்னார். அங்கே நின்றிருந்த ரிட்டயர்டு மேனேஜர் ஒருத்தருக்குப் பொறுக்கவில்லை. "என்ன சார் பேசுறீங்க? பன்னிக்குக் கனமான தோட்டா, மானுக்கு லேசான தோட்டா. ஒவ்வொண்ணுக்கும் கணக்கு இருக்கு!" அவ்வளவுதான், பிடித்துக்கொண்டது. கோபம் ஏற ஏறச் சண்டை தெலுங்குக்குப் போயிற்று. டீ வாங்கி வைத்தேன், ஆறிப்போச்சு. வாடிக்கையாளர் இருவர் எட்டிப் பார்த்துவிட்டு அப்படியே திரும்பிப் போனார்கள்.

எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. "ரெண்டு பேரும் கடைசியா எதைச் சுட்டீங்க, அதைச் சொல்லுங்க" என்றேன். மேனேஜர் செல்போனை எடுத்து நோண்ட ஆரம்பித்துவிட்டார். பாகலூர்க்காரர்தான் சொன்னார்: "போன ஆயுத பூஜைக்கு எண்ணெய் போட்டுப் பொட்டு வெச்சேன்மா."

பளபளப்பு

நகைக்கடை வாசலில் நிற்கிற காவலர் ஒருத்தர் இடுப்பு பெல்ட்டைக் கழற்றி என் முன்னால் போட்டார். அதில் வரிசையாகச் செருகியிருந்த தோட்டாக்கள் எல்லாம் வேர்வையும் மழையும் பட்டுப் பச்சை பிடித்திருந்தன. "அண்ணே, இது வெடிக்காது, மாத்திருங்க" என்றேன். மாற்றத்தான் வந்தாராம். ஆனால் கனமானதா, லேசானதா, சின்ன ஈய ரவையா, பெரிய ரவையா என்று நான் எது கேட்டாலும், "எதுனாலும் சரி, எல்லாம் ஒரே கலர்ல இருக்கணும், அம்புட்டுதான்" என்கிறார்.

திருடன் வந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். மனுஷர் வெள்ளந்தியாகச் சிரித்தார். "திருடன் எங்கம்மா வர்றான்? கல்யாணத்துக்கு நகை எடுக்க வர்ற சனங்கதான் எங்கூட நின்னு போட்டோ எடுக்குது."

மூணுக்கும் சேர்த்து

மாதப்பனும் அவர் சம்சாரம் லட்சுமியும் அஞ்செட்டியிலிருந்து வருவார்கள். பஸ் கிடைப்பதே பெரும்பாடு என்பதால் கடைக்குள் வரும்போதே பாதி சீவன் போயிருக்கும். காட்டை ஒட்டிக் கொல்லை, அதில் ராகி. அது வீடு வந்து சேர்ந்தால் வருஷம் பூராவும் களி. சேராவிட்டால் ரேஷன் அரிசிதான் கதி. பயிர்ப் பாதுகாப்புக்கென்று ஒற்றைக்குழல் துப்பாக்கிக்கு லைசென்ஸ் வைத்திருக்கிறார்.

"பன்னி, மயிலு, ஆனை. மூணுக்கும் சேர்த்து ஒரே தோட்டாவாக் குடும்மா" என்றார். மயில் தேசியப் பறவை, தொட்டால் ஜெயில். ஆனை என்றால் ஜெயிலிலிருந்து வெளியே வருவதே கஷ்டம். பன்னிக்கு ஃபாரஸ்ட்டுக்காரர்கள் அனுமதி வேண்டும். நான் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல அவர் முகம் தொங்கிப்போயிற்று. "அப்ப எதைத்தாம்மா சுடறது?" "மேலே பார்த்துச் சுடுங்க, சத்தத்துக்கு ஓடிடும்" என்றேன். அவர் கிண்டல் செய்கிறாரா, நிஜமாகவே கேட்கிறாரா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது: "வானத்துக்கு எந்த நம்பர் தோட்டா?"

நடத்தை விதி

தேர்தல் அறிவித்தால் ஓட்டுச்சாவடி நிரம்புவதற்கு முன்னால் எங்கள் கடை நிரம்பிவிடும். லைசென்ஸ் துப்பாக்கிகளை எல்லாம் ஸ்டேஷனிலோ எங்களிடமோ ஒப்படைத்துவிட வேண்டும் என்பது தேர்தல் நடத்தை விதி. அந்தத் தடவை பஞ்சாயத்துத் தேர்தல் மார்கழியில் வந்து தொலைத்தது. ராகிக் கதிர் முற்றிச் சாய்ந்து நிற்கிற மாசம். கர்நாடகா காட்டிலிருந்து ஆனைக்கூட்டம் இறங்குகிற மாசமும் அதுதான்.

மாதப்பன் துப்பாக்கியை மேஜைமேல் வைத்தார். கையை எடுக்க மனசே வரவில்லை அவருக்கு. ஆனால் விதியை நான் என்ன செய்ய முடியும்? லட்சுமிதான் அவர் கையைப் பிடித்து விலக்கினார். வாசல்வரை போன மாதப்பன் திரும்பி வந்து கேட்டார்: "ஏம்மா, பன்னிக்கும் ஆனைக்கும் நடத்தை விதி எதுவும் போடலையா?"

திரும்ப வந்தார்கள்

ஓட்டு எண்ணி முடிந்ததும் அவரவர் துப்பாக்கியை வாங்க வரிசை கட்டி நின்றார்கள். கூட்டமெல்லாம் வடிந்த பிறகு மாதப்பனும் லட்சுமியும் வந்தார்கள். ராகி என்னாச்சு என்று நான் கேட்பதற்குள் லட்சுமியே சொன்னார். பழைய இரும்பு வாங்குகிறவர்கள் வைத்திருப்பார்களே, பேச்சைப் பதிந்து திரும்பத் திரும்பக் கத்துகிற ஸ்பீக்கர், அதில் ஒன்றைச் சந்தையில் வாங்கி, தன் வாயாலேயே நாலு வசவு பதிந்து கொல்லைக் காவல் பரணில் கட்டியிருக்கிறார். பன்னி அந்தப் பக்கமே எட்டிப் பார்க்கவில்லையாம். "இருபது வருசமா இவரு கேட்ட வசவு, பன்னிக்கு ஒரு நாள் தாங்கல" என்று அவர் சொல்ல, மூன்று பேரும் சிரித்தோம்.

ஆனை அதற்கு மசியவில்லை. குட்டியோடு வந்து, ஸ்பீக்கர் கத்தக் கத்த, பாதிக் கொல்லையை நிதானமாகத் தின்றுவிட்டுப் போயிருக்கிறது. புருஷனும் பெண்டாட்டியும் பரண்மேல் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு, மூச்சுக்கூட விடாமல் உட்கார்ந்திருந்தார்களாம். மிச்சப் பாதி வீடு வந்துவிட்டது. ஆடி வரைக்கும் களிக்குக் கவலை இல்லை என்றார் லட்சுமி.

துப்பாக்கியை எடுத்து வந்து நீட்டினேன். மாதப்பன் உடனே வாங்கவில்லை. கீழே பார்த்தபடி மெதுவாகச் சொன்னார்: "அன்னைக்கு இது என் கையில இருந்திருந்தா சுட்டிருப்பேம்மா. குட்டி நிக்கிறதுகூட என் கண்ணுல பட்டிருக்காது. அது என்னைக் கொன்னிருக்கும், இல்ல நான் ஜெயில்ல கெடந்திருப்பேன். இவ ஒத்தையா நின்னிருப்பா."

எல்லாத்துக்கும் ஒரே தோட்டா போதுமா என்று இனிமேல் யாராவது கேட்டால், தாராளமாகப் போதும், அதையும் எங்கள் கடையிலேயே வைத்துவிட்டுப் போங்கள் என்று சொல்வதாக இருக்கிறேன், முதலாளி காதில் மட்டும் விழாமல் இருக்க வேண்டும்.