தம்பியாரும் வெற்றுச் சாடியும்

தம்பியார் சாடி ஊதத் தொடங்கிய காலத்தில் நான் சிட்னியில் பட்டயப் பொறியியலாளன். பென்டில் ஹில்லில் கோயில் அறங்காவலர் சபைத் தலைவன். எங்கள் குடும்பத்தை எவரும் குறைத்துப் பேசியதில்லை. இதை எழுதுபவன் யாரென்பது தெரியவேண்டும்.

தம்பியார் பருத்தித்துறையிற் பிறந்தவர். போர்க்காலத்தில் அகதியாக வந்து மெல்பேர்ணில், வெரிபீயிற் குடியேறி, களஞ்சியமொன்றிற் பாரந்தூக்கி உழைத்தார். பொய் சொல்லார், எவரிடமும் கைநீட்டார். சனிக்கிழமைகளில் உடன் வேலைசெய்த அவுஸ்திரேலியர் மூவருடன் மதுச்சாலையொன்றிற் சாடி ஊதினார்.

அமெரிக்கத் தென்பகுதியில், வாத்தியம் வாங்க வழியற்ற கறுப்பின மக்கள் வெற்றுச் சாடியும் துணிதோய்க்கும் பலகையும் கொண்டு உண்டாக்கிய இசை அது. உதட்டைச் சற்று விலக்கி ஊதினால் சாடி அடிக்குரலில் முழங்கும். பிற்காலத்தில் கிற்றாரோடு புகழ்பெற்ற பலர் அந்த இசையிலேயே பழகியவர்கள் என்பது தம்பியாரின் வாதம். மறுப்பதற்கில்லை.

என் மகளின் திருமணத்தன்று மண்டப வாசலில் சாடியுடன் நின்றார்.

“அண்ணர், ஒரு பாட்டு மட்டும்.”

“கலியாணவீட்டிலை சாராயச் சாடி ஊதப்போறியோ?”

“உள்ளுக்கை வெறும் காத்துத்தான் அண்ணர். நீங்கள் மேடையிலை பேசேக்கை வாறதும் அதுதானே.”

அருகிலிருந்தோர் சிரித்தனர். அவரைக் கடைசி வரிசைக் கதிரைக்கு அனுப்பினேன்.

சென்ற ஆண்டு பாரிசவாதம் அவரது வாயை ஒருபக்கமாக இழுத்தது. குழுவிற் பலகை தேய்க்கும் கெவின், பராமரிப்பு இல்லத்துக்குச் சாடியைக் கொண்டுவந்து வாயருகே பிடித்தார். தம்பியார் ஊதினார். எச்சில்தான் வழிந்தது. மறுபடியும் ஊதினார்.

“விடுங்கோவன், காணும்,” என்றார் அவரது மனைவியார். தம்பியார் விடவில்லை. அன்றுமுதல் நாள்தோறும் ஊதினார். சத்தம் எழவேயில்லை.

சிட்னியிலிருந்து கோயிற் பெரியவர்கள் என்னுடன் பார்க்கவந்த அன்று சாடியை அறையிலிருந்து அகற்றுவித்தேன். நோயாளியின் தலைமாட்டில் மதுச்சாடி இருப்பது முறையன்று.

“அண்ணர், அதை வைச்சிட்டுப் போங்கோ.” நாக்குழறலிலும் சொற்கள் விளங்கின.

“சுகமானாப்பிறகு தாறன்.”

சுகமாகமாட்டார் என்று மருத்துவர் அன்று காலையே என்னிடம் கூறியிருந்தார்.

இல்லத்துத் தாதியர்க்கும், நாள் தவறாது வந்து சவரம் செய்துவிட்ட கெவினுக்கும், அவர் இறந்தபின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிவரை உணவளித்த அயலவர்க்கும் குடும்பத்தாரின் நன்றி உரியது.

தேவாரம் ஓதியபடியே தம்பியாரின் உயிர் பிரிந்ததென்றும், உதடுகள் அசைந்ததைத் தாம் கண்டதாகவும் உறவினர் சிலர் கூறிவருகின்றனர். உதடுகள் அசைந்தது உண்மை. கைகள் இரண்டும் எதையோ ஏந்தியவாறு மார்பின்மேல் வளைந்திருந்தன. கட்டிலருகில் இருந்தவன் நான். அது தேவாரம் அன்று.